பக்கவாட்டில் தூங்கியவர்

பன்னிரண்டு ஆண்டுகளில் மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் தூங்குவதை அவர் விடிய விடியப் பார்த்திருக்கிறார். சொந்தக் கணவர் தூங்குவதை அப்படிப் பார்த்தது ஒரே ஓர் இரவு.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இருக்கிறது தூக்கப் பரிசோதனை மையம். நான்கு படுக்கையறைகள், அவற்றுக்கு நடுவே திரைகள் நிறைந்த ஒரு சிறிய கட்டுப்பாட்டு அறை. குறட்டைக்காரர்கள், தூக்கத்தில் மூச்சுமுட்டி எழுபவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்பவர்கள் எல்லாரும் மாலையில் தலையணையும் கையுமாக வந்து சேருவார்கள். அவர்களுக்குத் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் காலிலும் பசை தடவி ஒயர் ஒட்ட வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்ட வேண்டும். பிறகு காலைவரை திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “இத்தனை ஒயரோட எப்படிம்மா தூங்குறது?” என்று கேட்காதவர் இல்லை. “இதுவரைக்கும் இங்க தூங்காதது நான் ஒருத்திதான்” என்பார்.

வயது நாற்பத்தாறு. படுக்கை விரிப்பு மாற்றும் உதவியாளராகச் சேர்ந்தவர். ஒயர் ஒட்டும் ஊழியர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட வாரத்தில் ஒத்தாசைக்குப் போனார், அப்படியே தங்கிவிட்டார். எல்லோருக்கும் அவர் அக்கா. தலைமை மருத்துவருக்கு அறுபத்திரண்டு வயது, அவருக்கும் அக்காதான்.

அக்காவிடம் இல்லாதது சான்றிதழ். தூக்கப் பரிசோதனைத் தொழில்நுட்பர் என்ற தகுதித் தேர்வில் இருநூறு கேள்விகள், நான்கு மணி நேரம். நூற்று நாற்பது எடுத்தால் தேர்ச்சி. முதல் முறை நூற்று முப்பத்தொன்று, இரண்டாம் முறை நூற்று முப்பத்தேழு. மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. அடுத்த மாதம் முதல் சான்றிதழ் இல்லாதவர்கள் பரிசோதனை அறைக்குள் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. தவறினால் கீழ்த்தளப் பதிவு மேசை, பகல் வேலை.

“நல்லதுதானேக்கா? மனுஷங்க மாதிரி ராத்திரி வீட்ல தூங்கலாம்” என்றார்கள் உடன் வேலை செய்பவர்கள்.

அக்கா பயந்தது அதற்குத்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அவர் மூன்றாம் அறை நோயாளியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். நாற்பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் இரவில் அவர் படுத்ததில்லை. விடுப்பு நாளில்கூட சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து விடியவைப்பார். பகலில் வெளிச்சமும் தெருச் சத்தமும் இருந்தால் ஐந்து மணி நேரம் தூக்கம் வரும். இரவு வேலை போனால் இரவை எங்கே கொண்டு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே படித்தார். மதியம் இரண்டு மணிக்கு எழுந்து சமையலறை மேசையில் புத்தகத்தை விரிப்பார். எதிரில் நாத்தனார். கணவரின் தங்கை, நாற்பத்து நான்கு வயது, தையல்காரர். பின்னறையில் தையல் மெஷினோடு அண்ணன் காலத்திலிருந்தே இந்த வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் வைத்த பட்டப்பெயர் வாலு. அண்ணன் போன பிறகும் வீட்டில் அந்தப் பெயர்தான் ஓடுகிறது.

தலையில் ஒயர் ஒட்டும் இடங்களை அளந்து குறிப்பது தேர்வின் ஒரு பகுதி. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை நாடாவைப் பிடித்து, அதைப் பத்தும் இருபதுமான சதவீதங்களாகப் பிரித்துச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். அதற்குத் தலை கொடுத்தவர் நாத்தனார். நாடாவும் அவருடையதே.

“முப்பத்தாறு” என்றார் அக்கா.

“இஞ்சா, சென்டியா?”

“சென்டி.”

“அப்ப சரி. இஞ்ச்னா தலை இல்ல, தண்ணித் தொட்டி.”

“ஆடாம இரு வாலு. முப்பத்தாறுல பத்து சதவீதம் மூணு புள்ளி ஆறு.”

“சட்டைக்கு அளவெடுக்கவே எனக்கு நாலு நிமிஷம்தான். ஒரு மண்டைக்கு அரை மணி நேரமா? உங்ககிட்ட தைக்கக் குடுத்தா, பிறந்த குழந்தைக்குக் குடுத்த சட்டை கல்யாணத்துக்குத்தான் வரும்.”

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் கவுனை வாங்க வந்து, நெற்றியெல்லாம் சிவப்புப் புள்ளியோடு இருந்த தையல்காரரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். “ஐயோ, என்னாச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. உள்ள மூளை இருக்கான்னு அண்ணி தேடுறாங்க.”

புள்ளி வைத்து முடித்தால் கேள்வி அட்டைகள். நாத்தனார் ஒரு கையில் பித்தானைப் பிடித்துத் தைத்துக்கொண்டே மறு கையால் அட்டையைத் தள்ளிப் படிப்பார்.

“ஒரு பக்கம்னா எத்தனை விநாடி?”

“முப்பது. முப்பது முப்பது விநாடியாத்தான் ராத்திரியைப் பிரிப்போம்.”

“மூச்சு எத்தனை விநாடி நின்னா கணக்கு?”

“பத்து.”

“ஒம்பதே முக்கால் நின்னா?”

“கணக்குல வராது.”

“அநியாயமா இருக்கே அண்ணி. ஒம்பதே முக்கால் நின்னவன் என்ன பாவம் பண்ணான்?”

அக்கா சிரிப்பார். அந்த மேசையில் அவர் சிரிப்பது இரண்டு ஆண்டுகளாகத்தான்.

தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது மையத்தின் மேற்பார்வையாளர் பத்துப் பழைய பதிவுகளை எடுத்துக் கொடுத்தார். முப்பத்து மூன்று வயதுப் பெண், மூன்றாண்டுகளுக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தவர், சான்றிதழை முதல் முயற்சியிலேயே வாங்கியவர். பதிவுகளில் பெயர், தேதி, ஒயர் ஒட்டியவர் யார் என்பது எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன.

“பத்துலயும் ஒவ்வொரு தப்பு இருக்குக்கா. ஒயர் கழண்டிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம், என்னவா வேணா இருக்கலாம். என்ன தப்புன்னு ரெண்டு வரி எழுதுங்க. பரீட்சைல இப்படித்தான் மடக்குறாங்க.”

“மேடம், நான் ஒட்டுனதும் இதுல இருக்குமோ?”

“இருந்தா என்ன? சீக்கிரம் கண்டுபிடிச்சிருவீங்க.”

ஆறு பதிவுகளை இரண்டு பிற்பகல்களில் முடித்தார். மூன்றாம் நாள் ஏழாவதைத் திறந்தார்.

எந்தப் பதிவும் ஒரு சடங்கு போல ஒரே விதமாகத்தான் தொடங்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்வார்கள், இடமும் வலமும் பார்க்கச் சொல்வார்கள், பல்லைக் கடிக்கச் சொல்வார்கள். கழுத்தில் ஒட்டிய குறட்டை மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊழியர் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். ஏழாம் பதிவில் எண்ணும் இடத்தில் இருந்த குறிப்பு: ‘தரைத்தளத்திலிருந்து எண்ணுகிறார்.’

அக்கா மேசையிலிருந்து கையை எடுத்தார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதை எண்ணச் சொன்னாலும் அவருக்குத் தரை, ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வரும். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டுக் குறட்டை தாங்க முடியாமல், அக்காவே அவரை மூன்றாம் அறைக்கு அழைத்துவந்தார். “உன் ஆபீஸைப் பாக்கத்தான் வந்தேன். ராத்திரி எல்லாம் யாரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு தெரியணும்ல?” என்று ஒயர்களோடு படுத்துக்கொண்டு சொன்னார். எண்ணச் சொன்னார் அக்கா. “தரை, ஒண்ணு, ரெண்டு” என்று ஆரம்பித்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தக் குறிப்பை எழுதினார். எழுதியவரைக் கண்டுபிடிக்க வேறு எதுவும் தேவையில்லை.

மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் பக்கம் பக்கமாக நகர்த்தினார். முப்பது விநாடி, முப்பது விநாடி, முப்பது விநாடி. கணவரின் மூச்சு நீலக் கோடாக ஏறி இறங்கிப் போனது. உயிரோடு இருந்தவரின் மூச்சு. பல பக்கங்களுக்கு அவர் தப்பு எதையும் தேடவில்லை, வெறுமனே பார்த்தார்.

மார்புப் பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். படுத்திருப்பவர் மல்லாந்திருக்கிறாரா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதை அது சொல்லும். கணவர் இடப்பக்கம் திரும்பித்தான் தூங்கப் போனார். இரவு மணி ஒன்று ஒன்றானபோது மல்லாந்தார். உடனே கோடு மாறியது. மூச்சு நின்றது: பதினெட்டு விநாடி. மறுபடியும்: இருபத்தொன்று. பதினொரு நிமிடம் இப்படியே போனது. ஒன்று பன்னிரண்டுக்கு மறுபடியும் இடப்பக்கம், மறுபடியும் அமைதியான கோடு. அதிகாலை நான்கு மணி வாக்கில் இன்னொரு முறை, எட்டு நிமிடம்.

அந்த இரண்டு திரும்பல்களில்தான் தப்பு இருந்தது. தூங்குகிறவர் தானாகப் புரண்டால் முதலில் மூளையின் கோடு விழித்துக்கொள்ளும், பிறகு உடல் திரும்பும். இந்தப் பதிவில் முதலில் உடல் திரும்புகிறது. மூளை பிறகுதான் திடுக்கிடுகிறது. வெளியிலிருந்து ஒரு கை அவரைத் திருப்பியிருக்கிறது.

அந்தக் கை யாருடையது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியாது.

அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. திரையில் மூச்சு நின்றதைப் பார்த்தார். எழுந்து போனார். வீட்டில் விடுப்பு இரவுகளில் செய்வதைப் போலவே, தோளில் உள்ளங்கையை வைத்து, “திரும்பிப் படுங்க” என்றார். “ம்” என்று திரும்பினார் அவர். நான்கு மணிக்கும் அதே. மற்ற நோயாளிகளிடம் ‘கொஞ்ச நேரம் மல்லாந்தும் படுங்க, அப்பதான் சரியாத் தெரியும்’ என்று கெஞ்சிக் கேட்பவர் அவர். அன்றைக்கு அது தோன்றவில்லை. திருப்பியதைக் குறிப்பிலும் எழுதவில்லை. வேலை என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பார். அது வேலையாகத் தோன்றவே இல்லை.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆறு மணி பத்து நிமிடத் தூக்கத்தில் இருபத்தேழு மூச்சுத் தடைகள், மணிக்கு நான்கு புள்ளி நான்கு. ஐந்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம். அறிக்கையும் அப்படித்தான் வந்தது, தலைமை மருத்துவரின் கையெழுத்தோடு. ‘எடை குறைக்கவும்.’ கணவர் அந்தத் தாளை ஆட்டிக்கொண்டே, “படிக்காமலே பாஸ்” என்றார். மல்லாந்திருந்த பத்தொன்பது நிமிடத்தை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் பதினான்கு தடைகள். மணிக்கு நாற்பத்து நான்கு. அந்த எண்ணைப் பார்த்திருந்தால் அடுத்த வாரமே மூக்கில் மாட்டும் காற்று மெஷினை எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

மெஷின் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இதயம் நின்றது, ஏன் நின்றது என்று மருத்துவர்கள் அப்போதும் சொல்லவில்லை. அக்காவுக்கும் இது தெரியும். தேர்வுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஏழாவதைக் காலியாக விட்டு மற்ற ஒன்பதையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கேள்வி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார் நாத்தனார். நான்காம் நாள் மெஷினை மிதித்துக்கொண்டே பின்னறையிலிருந்து குரல் கொடுத்தார். “அண்ணி, என் மண்டை அளவு மாறிப்போச்சா? யாரும் அளக்க வரக் காணோமே.”

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“பரீட்சைக்கு அஞ்சு நாள்தான் இருக்கு.”

“நான் எழுதல.”

“ஏன்?”

அக்கா வந்து பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றார். ஏழாம் பதிவைப் பற்றிச் சொன்னார். தரைத்தளத்திலிருந்து எண்ணியதைச் சொன்னபோது நாத்தனார் சிரித்துவிட்டார். “லூசு, சின்ன வயசுல கண்ணாமூச்சி விளையாடும்போதும் அப்படித்தான் எண்ணுவான். எங்கப்பாவும் லிஃப்ட் வேலைதானே!” மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு விநாடி, இருபத்தொரு விநாடி, தோளில் வைத்த கை. மெஷின் நின்றது.

“நான் திருப்பாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் வாலு. நான்தான் மறைச்சேன். தெரியாமலே மறைச்சேன்.”

நாத்தனார் தையலில் இருந்த துணியை எடுக்காமல், ஊசிக்குக் கீழே அதை நீவிக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு டூட்டி. நான் இங்க படுத்திருந்தேன். அண்ணன் குறட்டை சுவரைத் தாண்டி வந்துச்சு. காலைல மூணு கவுன் குடுக்கணும், எனக்குக் கோவம் கோவமா வருது. எந்திரிச்சுப் போயி உலுக்கலாமான்னு யோசிச்சேன். அப்ப சத்தம் நின்னுச்சு.” துணியின் ஓரத்தை மடித்தார். “அப்பாடான்னு நெனச்சேன் அண்ணி. அப்பாடான்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன்.”

அக்கா கதவிலேயே நின்றார்.

“நாலு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்காவது எழுத ஒரு தாள் குடுத்திருக்காங்க. ரெண்டு வரி எழுதுன்னு கேட்டிருக்காங்க. நான் எங்க போய் எழுதுறது?”

ஒருவரை ஒருவர் தேற்றவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? நாத்தனார் மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார். அக்கா அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் மேசையில் ஏழாம் பதிவின் விடை இருந்தது. இரண்டு வரி கேட்ட இடத்தில் மூன்று வரி. ‘தூங்கியவரை ஊழியர் இரு முறை பக்கவாட்டில் திருப்பியிருக்கிறார், குறிப்பில் எழுதவில்லை. அதனால் தடை எண்ணிக்கை குறைந்து பொய்யான முடிவு வந்தது. அந்த ஊழியர் நான், தூங்கியவர் என் கணவர்.’

மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார். “அக்கா, பயிற்சிக்குன்னு பேரெல்லாம் முன்னாடியே அழிச்சு வெச்சிருந்ததுலதான் இதை எடுத்தேன். எனக்குத் தெரியவே தெரியாதுக்கா.”

“தெரிய வழியில்ல மேடம்.”

“பரீட்சைக்கு நான் ஒரு கடிதம் குடுக்கணும். உங்க பதிவுல முறைகேடு எதுவும் இல்லைன்னு. நாளைக்குக் கடைசி நாள்.” தாளைத் திருப்பிப் போட்டார். “நான் இதைப் பாக்கலைன்னு வெச்சுக்கலாமா?”

“பாத்துட்டீங்களே.”

“கடிதம் இல்லைன்னா உங்களை உக்காரவே விட மாட்டாங்க.”

“தெரியும். நடந்ததை எழுதுங்க.”

தாள் தலைமை மருத்துவரிடம் போனது. அவர் இரண்டு முறை படித்தார். ஆறு ஆண்டுக்கு முந்தைய அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். மல்லாந்த நேரம் பத்தொன்பது நிமிடம் என்று அதிலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அவ்வளவு குறைவாக இருந்தால் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அவர் மேசையில் இருபத்தாறு அறிக்கைகள். “இதுல என் கையெழுத்தும்தான் இருக்கு அக்கா” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு கடிதத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்தார். ஒரு பதிவில் தவறு நடந்தது, ஊழியரே முன்வந்து தெரிவித்தார். அறிக்கையில் அதைக் கவனிக்காதது என் தவறு. கீழே கையெழுத்து.

தேர்வு நடத்துபவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தேர்வுக்கு முந்தின நாள் மாலைதான் தகவல் வந்தது. இருபத்தெட்டாம் தேதி அக்கா எழுதினார். நூற்று நாற்பத்தொன்று.

“நூத்தி நாப்பதே போதும்னாங்களே. ஒண்ணு எதுக்கு வீணா?” என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு, அண்ணன் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு விடுப்பு இரவு. வழக்கம்போல அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னறையிலிருந்து குறட்டை வந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே குட்டைக் கழுத்து, ஒரே தாடை. இத்தனை நாள் அளந்தும் அக்கா அதைக் கவனித்ததில்லை. குறட்டை நின்றது. அக்கா எண்ணத் தொடங்கினார். பத்தைத் தாண்டியதும் எழுந்து நடந்தார். பதினாறில் கட்டில் அருகே நின்றார். நாத்தனார் மல்லாந்து கிடந்தார். பத்தொன்பதில் ஒரு பெரிய மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. அக்கா கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் எண்ணையும் மணியையும் எழுதினார். அதற்குப் பிறகுதான் தோளில் கை வைத்தார்.

“திரும்பிப் படு வாலு.”

“ம்” என்றார் நாத்தனார், அண்ணனைப் போலவே.

காலையில் நாட்காட்டியில் பதினான்கு வரிகள் இருந்தன. நாத்தனார் அவற்றைப் படித்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: “ஒம்பதே முக்கால் எதையும் சேக்கலையே?”

“இல்ல. எல்லாம் பத்துக்கு மேல.”

“சரி, எப்ப வரணும்?”

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு மூன்றாம் அறையில் நாத்தனாருக்குப் பரிசோதனை. ஒயர் ஒட்டப்போவது மேற்பார்வையாளர். உறவினரை உறவினர் பரிசோதிக்கக் கூடாது என்பது இப்போது மையத்தின் விதி. அன்றைக்கு அக்காவுக்கு விடுப்பு, இரவு வீட்டில் அவரும் அந்தக் கட்டிலும் மட்டும்.